ஆயிரம் வாட்ஸும் ஒரு தூக்கமும்: வண்டி ஆடியோ பற்றி ஒரு நீளமான த்ரெட்

1.
போன மாதம் ஓ.பி.யில் ஒரு பையன். 23 வயசு. கன்னிவாடிப் பக்கம். "காதுக்குள்ள ராத்திரிப் பூச்சி கத்துற மாதிரி கொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கு சார். மூணு மாசமா நிக்கவே இல்ல" என்றார். லோடு வண்டி ஓட்டுகிறார். சாயங்காலம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட்டி, விடிவதற்குள் கேரளாவில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வேலை. அவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாமல் எழுதுகிறேன்.

2.
டார்ச் அடித்துப் பார்த்தேன். அழுக்கு அடைப்பு இல்லை, சீழ் இல்லை, ஜவ்வு நன்றாக இருக்கிறது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆடியோகிராம் எடுக்க அனுப்பினேன். வந்த சீட்டில் இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. மில் தொழிலாளிகளிடமும், வெடி வெடிக்கும் கல் குவாரி ஆட்களிடமும் பார்க்கிற அதே பள்ளம். இரைச்சல் போட்ட கையெழுத்து. 23 வயசில்.

3.
"தம்பி, வண்டில பாட்டு கேப்பீங்களா?"
முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்க. "சூப்பர் செட்டு சார்! ரெண்டு பன்னெண்டு இஞ்ச் சப், மூவாயிரம் வாட்ஸ் ஆம்ப். ரெண்டு வருஷமா சேத்து வச்சுப் போட்டது. வந்து கேளுங்க."
போனேன். எனக்கும் வண்டி ஆடியோ என்றால் கொஞ்சம் கிறுக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

4.
சீட்டுக்குப் பின்னால் பெட்டி. ராஜா பாட்டு ஒன்றைப் போட்டார். கதவுத் தகரம் டர்ர்ர் என்று அதிர்ந்தது. கண்ணாடி ஆடியது. அந்தப் பாட்டின் உயிரே அதில் ஓடுகிற பேஸ் கிட்டார்தான். அது எங்கேயும் கேட்கவில்லை. ஒரே இடி. நடுவில் பாடுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. என் ஃபோன் ஆப்பில் 97, 98 காட்டியது. ஃபோன் மைக் துல்லியமானது இல்லை, சரி. ஆனால் ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது.

5.
"கொஞ்சம் குறைச்சுக் கேட்டா என்ன தம்பி?"
"குறைச்சா தூங்கிருவேன் சார்."
இந்த த்ரெட்டே அந்த ஒரு வரிக்காகத்தான். அந்தப் பையன் காசு கொடுத்து வாங்கியது ஆடியோ சிஸ்டம் என்று நினைக்கிறார். உண்மையில் அவர் வாங்கியது தூக்கத்துக்கு மாற்று என்று நம்பி ஒரு பொருளை. அது தூக்கத்துக்கும் மாற்று இல்லை, நல்ல சத்தத்துக்கும் மாற்று இல்லை. இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

6.
முதலில் காது. உள்காதில், நத்தை ஓடு மாதிரி ஒரு எலும்புக்குள், ஏறத்தாழ 15,000 மயிர் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு அவ்வளவுதான். சத்தத்தை மின் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான். பிறக்கும்போது கிடைத்த கோட்டா. தோல் உரிந்தால் வளரும், எலும்பு உடைந்தால் கூடும், ஈரல்கூட வளரும். மனிதனுக்கு இந்த செல் போனால் போனதுதான். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை.

7.
எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்? தொழிலாளர் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு 1 மணி. 97க்கு அரை மணி. 100க்கு கால் மணி. நம்ம பையன் 97இல் ராத்திரிக்கு ஐந்தாறு மணி நேரம். பத்து நாள் கோட்டாவை ஒரே ராத்திரியில் செலவு பண்றார்.

8.
"இறங்குனதும் காது அடைச்ச மாதிரி இருக்கும் சார், காலைல சரியாயிடும்." எல்லாரும் சொல்வது. அந்த 'சரியாயிடும்'தான் ஏமாற்று. அடைப்பு நீங்கினாலும் மயிர் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவில் உள்ள இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருக்கலாம் என்று 2009இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. ஆடியோகிராம் நார்மல் என்று வரும். ஆனால் கூட்டத்தில், சந்தையில், கல்யாண வீட்டில் எதிராளி பேச்சு பிடிபடாது. எலியில் பார்த்ததுதான் என்று தள்ளிவிட எனக்குத் தைரியம் இல்லை.

9.
முதலில் போவது மெல்லிய, உச்ச சத்தங்கள். ச, த, ப, க மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது. 'பத்து'வும் 'சத்து'வும் 'கத்து'வும் ஒன்றாகிவிடும். அதனால் ஆள் "காது கேக்கல" என்று சொல்ல மாட்டார். "கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார். பொண்டாட்டி முணுமுணுக்கிறாள் என்று சண்டை வரும். பிறகு வண்டியில் வால்யூம் இன்னும் ரெண்டு புள்ளி ஏறும். அது இன்னும் கொஞ்சம் செல்லைத் தின்னும்.

10.
இப்போது தூக்கம். சத்தமாகப் பாட்டு வைத்தால் தூக்கம் போகுமா? 1998இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். தூக்கம் குறைந்த ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்து, சிலருக்கு முகத்தில் குளிர்காற்று, சிலருக்கு ரேடியோ. பலன் இருந்தது, ஆனால் சொற்பம், சிறிது நேரத்துக்கு மட்டும். அதே குழுவின் மற்ற ஆய்வுகளில் உருப்படியாக வேலை செய்தவை இரண்டு: காபி, 15 நிமிடக் குட்டித் தூக்கம்.

11.
ஏன் என்றால், தூக்கம் காது வழியாக வருவதில்லை. எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறோம் என்று மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கடனைத் தூங்கித்தான் அடைக்க முடியும். கண் திறந்தபடியே மூன்று நான்கு விநாடி மூளை அணைந்து எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். ஸ்டியரிங்கில் ஆளே இல்லாமல் 50 மீட்டர். பெட்டி இடி இடித்துக்கொண்டேதான் இருக்கும். வண்டி புளியமரத்தில் நின்ற பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாக, மீட்கப் போனவர்கள் கேஷுவாலிட்டியில் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

12.
2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் நடந்தது நினைவிருக்கும். நம்ம ஊர் காய் வண்டிகள் திருச்சூருக்குப் போகிற அதே ரோடு. பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றி வந்த டூரிஸ்ட் பஸ், அரசு பஸ்ஸின் பின்னால் மோதியதில் 9 பேர் இறந்தார்கள். காரணம் வேகம், பாட்டு என்று நான் சொல்லவில்லை. ஓட்டுநருக்கு ஓய்வு இருந்ததா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. அடுத்த நாளிலிருந்து கேரளா முழுக்க டூரிஸ்ட் பஸ்களில் லைட்டையும் சவுண்ட் பாக்ஸையும் தேடித் தேடிக் கழற்றினார்கள்.

13.
கழற்ற வேண்டியதுதான். ஆனால் பெட்டியைக் கழற்றுவது சுலபம். ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்பது கஷ்டம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அது ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இருந்த சட்டம். லோன் போட்டு ஒரே ஒரு பிக்கப் வாங்கி ராவும் பகலும் ஓட்டுகிற பையனை அந்தச் சட்டம் தொட்டதே இல்லை. அவனை விழித்திருக்க வைக்கிற பொறுப்பை நாம் மூவாயிரம் வாட்ஸ் ஆம்ப்பிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

14.
சரி, அந்த 'மூவாயிரம் வாட்ஸ்' கதைக்கு வருவோம். ஆம்ப்பைத் திருப்பி ஃப்யூஸைப் பாருங்கள் என்றேன். 30 ஆம்பியர். வண்டி ஓடும்போது கரண்ட் சுமார் 14 வோல்ட். 14 × 30 = 420. உள்ளே போவதே 420 வாட்ஸ்தான். அதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மீதி 250, 300 ஸ்பீக்கருக்கு வந்தால் அதிர்ஷ்டம். 420 வாட்ஸ் வாங்கி 3000 வாட்ஸ் கொடுக்கிற மெஷினைக் கண்டுபிடித்திருந்தால் மின்வாரியமே வரிசையில் நிற்கும்.

15.
பெட்டி மேல் எழுதியிருப்பது 'மேக்ஸ்', 'பீக்', 'பிஎம்பிஓ'. இவற்றுக்கு நம் வீட்டு விசேஷப் பத்திரிகையில் போடும் பட்டங்களுக்கு உள்ள மதிப்புதான். பார்க்க வேண்டிய எண் 'ஆர்எம்எஸ்' ஒன்றே: தொடர்ந்து கொடுக்கக் கூடிய பவர். வண்டியோடு கம்பெனியில் வருகிற செட்டில் '50 × 4' என்று இருக்கும். ஆர்எம்எஸ் பார்த்தால் பெரும்பாலும் சேனலுக்கு 15, 20 வாட்ஸ்தான். அதுவே ஒரு மூடிய கேபினில் காதைக் கெடுக்கப் போதும்.

16.
இன்னொரு கணக்கு, இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது 'லேசா கூடிருக்கோ' என்ற அளவு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். ஆனால் அதே 3 டெசிபல், மேலே சொன்ன கணக்கில், பாதுகாப்பான நேரத்தைப் பாதியாக்கும். ஆக, 100 வாட்ஸை 200 ஆக்கினால் உங்களுக்குக் கிடைக்கிற சந்தோஷம் கொஞ்சம். காது கட்டுகிற வட்டி இரட்டை.

17.
இதில் கடைக்காரரை மட்டும் திட்ட மாட்டேன். எங்க தொழிலிலும் இதே கதைதான். பத்து நிமிஷம் உட்கார வைத்து, உப்பைக் குறைங்க, நடங்க, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க என்று சொன்னால் "டாக்டர் ஒண்ணுமே பாக்கல" என்பார்கள். இடுப்பில் ஒரு ஊசி போட்டால் "கைராசிக்காரர்". வண்டி ஆடியோவில் வாட்ஸ்தான் அந்த ஊசி. ட்யூனிங்குக்குத் தனியாகக் காசு கேட்டால் "ரெண்டு திருகாணி திருப்புறதுக்கா?" என்கிறோம். அதனால் அவரும் இன்னொரு பெட்டியை விற்கிறார். ஊசி கேட்கிற ஊரில் ஊசிதான் விற்கும்.

18.
நானும் ஏமாந்தவன்தான். பழைய கார் ஒன்று வாங்கி, பெரிய ஊர்க் கடை ஒன்றில் சப், ஆம்ப் எல்லாம் போட்டேன். ஆறு மாசம் தலைவலி. ஒரு நண்பர் கேட்டுவிட்டு, ஒரு பொருள்கூட மாற்றாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து செட்டிங்கை மட்டும் மாற்றினார். அன்றைக்குத்தான் அந்தச் செட்டில் முதல்முறை தபேலாவைத் தபேலாவாகக் கேட்டேன். வால்யூம் 28இல் கேட்டுக்கொண்டிருந்தவன் 16க்கு வந்தேன். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

19.
ஒன்று, கதவு. வண்டிக் கதவு என்பது ஓட்டைகள் உள்ள தகர டப்பா. அதற்குள் எவ்வளவு விலை ஸ்பீக்கர் வைத்தாலும் தகரம்தான் பாடும். உள்பக்கத் தகரத்தில் ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, பெரிய ஓட்டைகளை மூடி, ஸ்பீக்கரை ஆடாத வளையத்தில் இறுக்கினால் அதே ஸ்பீக்கரில் பேஸ் வரும். அதைவிட முக்கியம், ரோட்டுச் சத்தம் உள்ளே வருவது குறையும். நாம் வால்யூம் கூட்டுவதே எஞ்சினையும் டயரையும் ஜெயிக்கத்தான். எதிரியைக் குறைத்தால் கத்த வேண்டிய அவசியமே இல்லை.

20.
இரண்டு, கெயின். ஆம்ப்பில் உள்ள 'கெயின்' திருகாணியை வால்யூம் என்று நினைத்துக் கடைசி வரை திருகி வைப்பார்கள். அது வால்யூம் கிடையாது. டெக் கொடுக்கிற சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற இடம். அளவுக்கு மீறினால் அலையின் தலை வெட்டுப்படும், 'கிளிப்பிங்'. காதில் கரகரப்பாக உரசும், ட்வீட்டர் கருகும். டெக் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, பேஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கெயினை மெல்ல ஏற்றுங்கள். பிசிறு கேட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள். அங்கே விடுங்கள். அப்புறம் தொடாதீர்கள்.

21.
மூன்று, கிராஸ்ஓவர். அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும். சப்புக்கு 80க்குக் கீழே மட்டும். அந்தப் பையன் வண்டியில் எல்லா ஸ்பீக்கரும் எல்லாவற்றையும் பாடிக்கொண்டிருந்தன. கதவில் இருந்த ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் இடியைத் தூக்க முயன்று மூச்சுத் திணறியது. பாடுகிறவர் கிணற்றுக்குள் போனதற்குக் காரணம் அதுதான். 'ஹெச்பிஎஃப்' என்ற ஒரு சுவிட்ச். இரண்டு வருஷமாக அவர் அதைத் தொட்டதில்லை, பொருத்தியவரும் சொல்லவில்லை.

22.
நான்கு, நேரம். சத்தம் ஒரு மீட்டர் போகச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். நம்ம ஊரில் ஓட்டுபவர் வலது பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் பக்கத்திலேயே, இடது ஸ்பீக்கர் அரை மீட்டர் கூடத் தள்ளி. ஒன்றரை மில்லிசெகண்ட் முன்னால் வலது வந்து சேர்ந்துவிடும். பாட்டு முழுக்க வலது முட்டியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். இன்றைய பல டெக்குகளில் 'டைம் அலைன்மென்ட்' இருக்கிறது. டேப் வைத்து அளந்து தூரத்தைப் போட்டால் பாடகர் டேஷ்போர்டு நடுவில் வந்து நிற்பார். செலவு: ஒரு டேப், பத்து நிமிஷம்.

23.
ஐந்து, சப் ஃபேஸ். சப்பில் 0 / 180 என்று ஒரு சுவிட்ச். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டிலும் கேளுங்கள். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதை வையுங்கள். தப்பான பக்கம் இருந்தால் கதவும் சப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நாம் என்ன செய்வோம்? பேஸ் பத்தவில்லை என்று இன்னொரு சப் வாங்குவோம். ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டிய இடத்தில் பத்தாயிரம் ரூபாய்.

24.
ஆறு, இது விளையாட்டு இல்லை: வயர். பாட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரில், பாட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்பில் உள்ள ஃப்யூஸ் ஆம்ப்பைத்தான் காப்பாற்றும். வழியில் தகரம் உரசி வயர் தோல் கிழிந்தால், அந்த முதல் ஃப்யூஸ் இல்லையென்றால், பாட்டரியின் மொத்த சக்தியும் அந்த இடத்தில் தீயாகும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று விற்பதும் உண்டு. அதே கனத்தில் அது கரண்ட் குறைவாகத்தான் தாங்கும். தீக்காயம் பார்த்தவன் சொல்கிறேன், இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

25.
இப்போது பக்கத்து வீட்டுக்காரர் கதை. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி அரசு அறிவித்த இடங்களில் 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. அமைதி மண்டலத்தில் பாட்டுப் போடுவதும் ஆம்ப்ளிஃபையர் பயன்படுத்துவதுமே குற்றம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் விரிவாகத் தீர்ப்பு கொடுத்துவிட்டது. வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2): இரைச்சல் தரத்தை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் தகுதி நீக்கம்.

26.
சட்டத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. இந்த 55, 45 எல்லாம் 'ஏ' என்ற அளவுகோலில். அது பேஸைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. 63 ஹெர்ட்ஸில் சப் 80 டெசிபல் அடித்தாலும் அந்த மீட்டரில் 54 என்றே விழும். பகல் வரம்புக்குள் வந்துவிடும்! ஆனால் சுவரையும் ஜன்னலையும் தாண்டி உள்ளே வருவது அந்த பேஸ்தான். பிரசவ வார்டில் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஜன்னல் கண்ணாடி 'தும் தும்' என்று ஆடுவதை எந்த மீட்டரும் காட்டாது. இப்போதுதான் தூங்கிய பச்சைக்குழந்தை காட்டும்.

27.
"படிச்சவன் வீட்டுல ஹோம் தியேட்டர் வச்சா ரசனை, லோடு வண்டிக்காரன் பாட்டு கேட்டா நியூசென்ஸா?" என்று கமெண்ட் வரும். வரட்டும், நியாயமான கேள்வி. வாரத்தில் ஆறு ராத்திரி தனியாக ஓட்டுகிறவனுக்கு ஒரே துணை பாட்டுதான். அதைப் பிடுங்க நான் வரவில்லை. அவனுக்கு நல்ல பாட்டு கிடைக்க வேண்டும் என்கிறேன். பல மாச உழைப்பை வாங்கிக்கொண்டு இடியைக் கொடுத்து, காதையும் எடுத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறோம். ரசனை இல்லாதவன் என்று அவனை நினைத்தவர்கள்தான் அவனுக்கு அதை விற்றார்கள்.

28.
ட்ராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து. கேபின் இல்லாத ட்ராக்டரில் எஞ்சின் சத்தமே 90ஐத் தொடும். அதற்கு மேல் கேட்கணும் என்று மட்கார்டில் பெட்டி வைத்தால் 100. உழவு முடிய நாலு மணி நேரம். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு போகிற வண்டிகளும் அப்படியே: பெட்டிக்கு நேர் பின்னால் நடக்கிறவர்களில் பாதி பேர் பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்கிறது, பிள்ளைகளுக்கு 75. முருகனுக்கு மெதுவாகச் சொன்னாலும் கேட்கும்.

29.
அடுத்து 108. கேபினுக்குள் 97 ஓடும்போது பின்னால் வருகிற சைரன் காதில் விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஆம்புலன்ஸில் வருவது மாரடைப்பு கேஸாக இருக்கலாம், ரத்தப்போக்கு கேஸாக இருக்கலாம். ஒட்டன்சத்திரம் ரோட்டில் முன்னால் போகிற வண்டி ஒதுங்காததால் ரெண்டு நிமிஷம் போனது என்று டிரைவர்கள் சொல்லும்போது, முன்னால் போனவன் கெட்டவன் என்று நான் நினைப்பதில்லை. அவனுக்குக் கேட்டே இருக்காது.

30.
நான் கேட்பது நாலே நாலு.
ஆடியோ கடைக்காரர்களே: ஆர்எம்எஸ் மட்டும் சொல்லுங்கள். ட்யூனிங்குக்குத் தனி பில் போடுங்கள், நிமிர்ந்து கேளுங்கள்.
வாங்குபவர்களே: பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கை டேம்பிங்குக்கும் ட்யூனிங்குக்கும் ஒதுக்கிவிட்டுப் பிறகு பெட்டி பாருங்கள்.
அதிகாரிகளே: ஹாரன், சைலன்ஸர் பார்க்கிற அதே கண்ணால் பெட்டியையும் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பியுங்கள்.
காய் அனுப்புகிற முதலாளிகளே: வழியில் 20 நிமிஷம் தூங்கியதற்காக ஓட்டுநரின் வாடகையைப் பிடிக்காதீர்கள். அந்த 20 நிமிஷம் உங்கள் தக்காளிக்கும் காப்பீடு.

31.
ஓட்டுநர் தம்பிகளுக்கு என் சீட்டு: கண் சொருகினால் வால்யூம் பக்கம் கை போகக் கூடாது, இண்டிகேட்டர் பக்கம் போகணும். வெளிச்சமான இடத்தில் ஓரம் கட்டுங்க. ஒரு டீயோ காபியோ குடிச்சிட்டு 15 நிமிஷம் அலாரம் வச்சுத் தூங்குங்க. எழும்போது காபி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். முகம் கழுவிட்டு ஏறுங்க. அரை மணி நேரம் பிந்திப் போன காய் அழுகாது.

32.
உங்கள் செட் அளவுக்கு மீறுகிறதா என்று பார்க்க ஆப்கூட வேண்டாம். பாட்டு ஓடும்போது பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது சாதாரணக் குரலில் புரிய வேண்டும். கத்தினால்தான் கேட்கிறது என்றால் 85ஐத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு இரைச்சலோ அடைப்போ இருந்தால் அன்றைய கோட்டா முடிந்தது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசர கேஸ். சொட்டு மருந்து ஊற்றிக் காத்திருக்காமல் அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். நாள் போனால் மருந்து வேலை செய்யாது.

33.
அந்தப் பையன் பத்து நாள் கழித்து வந்தார். நான் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஒரு மெக்கானிக்கிடம் போய், ஹெச்பிஎஃப் போட்டு, கெயினைக் குறைத்து, ஒரு சப்பைக் கழற்றி விற்று, அந்தக் காசில் இரண்டு கதவுக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டியிருக்கிறார். "கேளுங்க சார்." கேட்டேன். அந்த பேஸ் கிட்டார் கிணற்றிலிருந்து ஏறி வந்திருந்தது. ஆப்பில் 79. "இம்புட்டு நாளா இந்தப் பாட்டுல இது இருந்துச்சா சார்?" என்றார்.

34.
காதில் பூச்சி? இன்னும் கத்துகிறது. அது நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ராத்திரி அமைதியாக இருக்கும்போது அதிகமாகக் கேட்கும், சின்னதாக ஃபேன் சத்தம் வைத்துக்கொண்டு தூங்குங்க என்று மட்டும் சொன்னேன். 23 வயசு. இன்னும் நாற்பது வருஷம் அவரோடு வண்டி ஓட்டும் அந்தச் சத்தம். அதற்கு மட்டும் எந்த டெக்கிலும் வால்யூம் பட்டன் இல்லை.

35.
உங்கள் வீட்டில், தெருவில் ராத்திரி வண்டி ஓட்டுகிற தம்பி யாராவது இருந்தால் இதை அனுப்புங்கள். திட்டாமல் அனுப்புங்கள். 14ஆவது, 20ஆவது பதிவை முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஆடியோ பிரியனுக்கு அதுதான் வாசல். ட்யூனிங் சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள், ட்யூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன். காது சந்தேகம் என்றால் கமெண்ட்டில் கேட்காதீர்கள், நேரில் போய்க் காட்டுங்கள்.